குச்சாயும் சைவ்ஸும்: வடக்குப் பார்த்த தாழ்வாரத்தில் எது பிழைக்கும்?

நீங்கள் கேட்டதை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியும். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் பத்தாம் மாடி வீடு. வாசல் தாழ்வாரம் வடக்குப் பார்த்தது. அக்டோபரில் ஒரு தடவை, டிசம்பரில் ஒரு தடவை சைவ்ஸ் என்கிற வெங்காய மணக் கீரையின் விதை போட்டீர்கள். இரண்டு தடவையும் தலைமுடிபோல் மெல்லிசாக முளைத்து, ஒரு விரல் நீளம் வந்ததும் சாய்ந்து, அடியில் அழுகிப் போயிற்று. "என் கைராசிதான் சரியில்லையோ? தேக்கா சந்தையில் கட்டுக்கட்டாக விற்கும் குச்சாய்க் கீரையும் இதுவும் ஒன்றா? அத்தை இரண்டையுமே வெங்காயத்தாள் என்கிறார். அப்படியே வளர்ந்தாலும் நம் சமையலில் எதில் போடுவது?"

உங்கள் கைராசியில் ஒரு குறையும் இல்லை. விதைத்த மாதமும் வாசல் பார்த்த திசையும் சேரவில்லை, அவ்வளவுதான். சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே 1 டிகிரியைச் சற்றே தாண்டி இருக்கிறது. அதனால் சூரியன் நமக்கு ஆறு மாதம் வடக்கே சாய்ந்தும் ஆறு மாதம் தெற்கே சாய்ந்தும் போகிறது. மார்ச் மூன்றாம் வாரத்திலிருந்து செப்டம்பர் மூன்றாம் வாரம் வரை வடக்கு வாசல்காரர்களுக்கு வெயில். மீதி ஆறு மாதம் தெற்கு வாசல்காரர்களுக்கு. நீங்கள் அக்டோபரிலும் டிசம்பரிலும் விதைத்தபோது உங்கள் தாழ்வாரத்தில் நேர் வெயில் ஒரு மணி நேரம்கூட விழுந்திருக்காது. மேல் மாடியின் தளமும் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு மிச்ச வெளிச்சத்தை மறைக்கும். வெளிச்சத்தைத் தேடி எட்டிப் பார்க்கிற நாற்று நீளுமே தவிர தடிக்காது. அதோடு டிசம்பர் என்றால் வடகிழக்குப் பருவமழை. காற்றிலேயே ஈரம், தொட்டி மண் காயவே காயாது. மெலிந்த நாற்றும் காயாத மண்ணும் சேர்ந்தால் அடித்தண்டு அழுகாமல் என்ன செய்யும்?

இனி விதைப்பதற்கு முன் ஒரு சின்னச் சோதனை செய்துபாருங்கள். காலை பத்து மணிக்குத் தொட்டி வைக்கப்போகும் இடத்தில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து, அதற்கு ஒரு முழ உயரத்தில் கையை நீட்டுங்கள். விரல் விரலாகத் தெளிந்த நிழல் விழுந்தால் அங்கே எந்தக் கீரையும் வளரும். நிழல் மங்கி ஓரம் கலைந்து தெரிந்தால் குச்சாய் சமாளித்துக்கொள்ளும். நிழலே விழவில்லை என்றால் அந்த மாதம் அங்கே விதைக்க வேண்டாம். பிற்பகல் மூன்று மணிக்கும் ஒரு தடவை பாருங்கள். எத்தனை விலை கொடுத்து வாங்கிய உரமும் இந்த வெளிச்சத்துக்கு ஈடாகாது.

இப்போது பெயர்க் குழப்பத்துக்கு வருவோம். அத்தை சொல்வது தப்பு என்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. மூன்றும் வெங்காயக் குடும்பம்தான். ஆனால் மூன்றும் வேறு வேறு செடி.

வெங்காயத்தாள் நமக்குத் தெரிந்ததே: தடித்த வெள்ளை அடித்தண்டு, உள்ளே காற்றடைத்த பச்சைக் குழல். சைவ்ஸ் என்பது ஐரோப்பா, வட ஆசியா, வட அமெரிக்கா போன்ற குளிர்நாடுகளின் செடி. ஆலியம் ஷோனோபிராசம் என்பது அதன் தாவரப் பெயர். இலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் மெல்லிய உறிஞ்சுகுழல் மாதிரி உருண்டையாக, உள்ளே கூடாக இருக்கும். மணம் வெங்காயத்தை ஒட்டியது, ஆனால் அதைவிட மென்மை. பூ ஊதா கலந்த இளஞ்சிவப்பு. குளிர்காலம் ஒன்றைக் கண்டால்தான் அது நன்றாகப் பூக்கும், அதனால் நம்மூரில் அந்தப் பூவைப் பார்ப்பது அரிது.

குச்சாய், ஆலியம் டியூபரோசம், சீனாவின் பழைய கீரை. ஹொக்கியன் பேச்சிலிருந்து மலாய்க்கு வந்து, மலாயிலிருந்து நம் வாய்க்கும் வந்த பெயர். மாண்டரினில் ஜியூ சாய். இலை புல் மாதிரி தட்டையாக இருக்கும், உள்ளே கூடு கிடையாது. கசக்கினால் பூண்டு வாசம்தான் முன்னே வரும். பூ வெள்ளை, நட்சத்திரம் நட்சத்திரமாக ஒரு குடை விரித்த மாதிரி நிற்கும். ஜப்பானில் இதையே நிரா என்றும் கொரியாவில் புச்சு என்றும் சொல்கிறார்கள். கொரியர்கள் மாவில் கலந்து கல்லில் ஊற்றித் தோசை மாதிரியே சுடுகிறார்கள்.

என் அபிப்பிராயத்தை ஒளிக்காமல் சொல்கிறேன். சிங்கப்பூரில் அன்றாடச் சமையலுக்கு வளர்ப்பது என்றால் குச்சாயை வளருங்கள். சைவ்ஸ் நம் வீட்டுக்குச் சில மாதம் வந்து தங்கிப்போகிற விருந்தாளி. அதற்குப் பிடித்தது 15 முதல் 24 டிகிரி. நமக்கோ பகலில் 31, 32 டிகிரி, இரவில்கூடப் பெரும்பாலும் 24, 25க்குக் கீழே இறங்காது. பகலில் இலை சேர்த்த சத்தைப் புழுக்கமான இரவு தின்றுவிடுகிறது. அடிக்கிழங்கு ஊறிப் பெருக்க அதற்கு ஓய்வே கிடைப்பதில்லை. நாலைந்து மாதம் இலை தரும், பிறகு மெலிந்துகொண்டே போகும். அது செடியின் இயல்பு, உங்கள் தவறு அல்ல. குச்சாயோ இந்தப் புழுக்கத்திலும் சிரித்துக்கொண்டு நிற்கும். ஒரே கொத்து மூன்று நான்கு வருடம் தரும்.

குச்சாய் வளர்க்கும் முறையை விரிவாகவே சொல்கிறேன்.

விதை கறுப்பாக, கோணல்மாணலாக, வெங்காய விதை மாதிரியே இருக்கும். இதில் பலரும் ஏமாறுகிற இடம் விதையின் வயது. வெங்காயக் குடும்பத்து விதைகளுக்கு ஆயுசு குறைவு. நம் வெக்கையில் அலமாரியில் ஒரு வருடம் கிடந்தால் பாதி செத்திருக்கும். பொட்டலத்தில் தேதி பார்த்து வாங்குங்கள். மிச்சத்தை இறுக்கமான டப்பாவில் போட்டுக் குளிர்பெட்டியில் வையுங்கள். அரை நாள் தண்ணீரில் ஊறவைத்து, 1 சென்டிமீட்டர் ஆழத்துக்கு மேல் போகாமல் விதைக்க வேண்டும். ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் போடாதீர்கள். 15, 20 விதையை ஒரே இடத்தில் கொத்தாகப் போட்டால் ஒன்றை ஒன்று தாங்கிக்கொண்டு நிற்கும். முளைக்க ஒரு வாரத்திலிருந்து மூன்று வாரம் ஆகும். பத்தாம் நாள் மண்ணைக் கிளறிப் பார்க்கிற ஆசை எல்லாருக்கும் வரும், அடக்கிக்கொள்ளுங்கள். முளை முதலில் ஊசியை மடித்துவைத்த மாதிரி வளைந்து வரும், தலையில் கறுப்பு விதைத்தோல் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிய்க்கக் கூடாது. ஓரிரு நாளில் தானே நிமிர்ந்துவிடும்.

விதையிலிருந்து தொடங்கினால் முதல் அறுப்புக்கு மூன்று நான்கு மாதம் காத்திருக்க வேண்டும். காத்திருக்க மனமில்லை என்றால் வேரோடு ஒரு கொத்து வாங்கி நடுங்கள். செடிக்கடைகளில் கிடைக்கும். சமூகத் தோட்டங்களில் கேட்டால் பெரும்பாலும் சும்மாவே கொடுப்பார்கள். தேசியப் பூங்காக் கழகம் 2005இல் கம்யூனிட்டி இன் புளூம் என்று தொடங்கிய திட்டத்தில் இப்போது பேட்டைக்குப் பேட்டை தோட்டம் இருக்கிறது. அங்கே மண்வெட்டி பிடிக்கிற சீனத் தாத்தா பாட்டிகளில் குச்சாய் வைத்திருக்காதவரை நான் பார்த்ததில்லை. சந்தையில் வாங்குகிற கட்டை நட முடியுமா என்றால், முடியாது. அவை வேருக்கு மேலே அறுத்து வருபவை, தண்ணீரில் வைத்தாலும் அழுகத்தான் செய்யும்.

தொட்டி 20 முதல் 25 சென்டிமீட்டர் அகலமும் ஒரு சாண் ஆழமும் இருந்தால் போதும். அடியில் துளை கட்டாயம் வேண்டும். மண்கலவை இரண்டு பங்கு மக்கிய உரம், ஒரு பங்கு தென்னை நார்த்தூள், ஒரு பங்கு பெர்லைட் (நீர் வடியவிடும் வெள்ளைக் கல்துகள்) அல்லது இங்கே செடிக்கடைகளில் விற்கும் சுட்ட மண். வெறும் தோட்டமண்ணைத் தொட்டியில் அடைக்காதீர்கள். நாலு மழைக்குள் இறுகிச் செங்கல் ஆகிவிடும். தண்ணீர் ஊற்றுவதற்கு முன் ஆள்காட்டி விரலை முதல் கணு வரை மண்ணில் நுழையுங்கள். விரலில் மண் ஒட்டினால் இன்றைக்குத் தண்ணீர் வேண்டாம். உதிர்ந்தால் துளையில் வழியும்வரை ஊற்றுங்கள். தினமும் ஒரு கைத் தண்ணீர் தெளிப்பதுதான் குச்சாய்க்குப் பெரிய கெடுதல். மேலே ஈரம், அடியில் வறட்சி என்று வேர் மேலேயே சுருண்டுவிடும்.

அறுப்பதைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இங்கேதான் செடி வாழ்வதும் வீணாவதும். இலைகள் ஒரு சாணுக்கு மேல் வளர்ந்ததும் கொத்தை இடது கையால் கூந்தலைப் பிடிப்பதுபோல் சேர்த்துப் பிடித்து, மண்ணுக்கு 2 அல்லது 3 சென்டிமீட்டர் மேலே கூரான கத்தரியால் ஒரே வெட்டு. நுனியை மட்டும் அங்கங்கே கிள்ளக் கூடாது. காரணம் இலை வளரும் விதத்தில் இருக்கிறது. கொடி நுனியில் வளரும். குச்சாய் அடியிலிருந்து தள்ளிக்கொண்டு வரும். வெட்டிய உடனே அடித்தண்டுகளின் வாயில் கண்ணாடி மணி மாதிரி சாறு துளிர்க்கும், பூண்டு வாசம் தாழ்வாரம் முழுக்க அடிக்கும். மறுநாள் காலையில் போய்ப் பாருங்கள். நேற்று சமமாக வெட்டிய தண்டுகளில் நடுவில் இருப்பது மட்டும் ஒரு நெல் அளவு மேலே ஏறி நிற்கும். அந்த இலையின் நுனி மொட்டையாகவே இருக்கும், ஏனென்றால் அது நேற்று வெட்டிய பழைய இலை, அடியிலிருந்து நீள்கிறது. அதன் நடுவிலிருந்து கூர்நுனியோடு வருவதுதான் புது இலை. வளர்கிற இடம் அடியில் இருப்பதால் முழுக்க அறுத்தாலும் செடிக்கு நோகாது. நுனி கிள்ளினால் மொட்டை இலைகளே முற்றி, நார் விழுந்து, புதிதுக்கு இடம் விடாமல் நிற்கும்.

ஒரு அறுப்புக்கும் அடுத்ததற்கும் மூன்று நான்கு வார இடைவெளி கொடுங்கள். அறுத்ததும் ஒரு பிடி மக்கிய உரம் அல்லது தண்ணீரில் கலந்த மீன் அமிலம் (மீன் கழிவைப் புளிக்கவைத்த கரைசல்). இலைக்காக வளர்ப்பதால் தழைச்சத்து உள்ள உரமே போதும். பூத்தண்டு கிளம்பினால் மொட்டிலேயே கிள்ளிச் சமையலுக்கு எடுத்துக்கொள்ளுங்கள். விதை பிடிக்க விட்டால் செடியின் தெம்பு அதில் போய்விடும், விதை கொட்டி அக்கம்பக்கத் தொட்டியிலெல்லாம் முளைக்கவும் செய்யும். மூன்று தொட்டி வைத்துக்கொண்டு வாரம் ஒன்று என்று மாற்றி மாற்றி அறுத்தால் ஒரு குடும்பத்துக்கு முட்டுப்பாடு வராது.

இன்னொன்றையும் செய்துபாருங்கள், எனக்கு மிகவும் பிடித்தது. அறுத்த கொத்தின் மேல் வெளிச்சம் புகாத மண்தொட்டி ஒன்றைக் கவிழ்த்து, அதன் துளையையும் அடைத்து, இரண்டு மூன்று வாரம் விடுங்கள். இலை பச்சையே பிடிக்காமல் வெளிர்மஞ்சளாக, பட்டு மாதிரி வளரும். சந்தையில் குச்சாயைவிடக் கூடுதல் விலைக்கு விற்கிற மஞ்சள் குச்சாய் இப்படித்தான் வருகிறது. ஒரே கொத்தை அடுத்தடுத்து இப்படிச் செய்யாதீர்கள். வெளிச்சம் காணாமல் இளைத்துப்போகும். ஒரு தடவை மூடினால் அடுத்த இரண்டு அறுப்பு பச்சையாகவே எடுங்கள்.

சைவ்ஸை விட மனமில்லை என்றால் விதையோடு மல்லுக்கட்டாமல், பேரங்காடியில் சின்னத் தொட்டியோடு விற்பதை வாங்குங்கள். அதில் ஒரே கைப்பிடி மண்ணில் ஏகப்பட்ட நாற்று நெருக்கியிருக்கும். வந்த அன்றே மூன்றாகப் பிரித்து நட்டால் கூடுதல் நாள் நிற்கும். காலை வெயில் மட்டும் படுகிற கிழக்கு ஜன்னல் நல்லது. இரவில் ஏர்கான் ஓடுகிற அறையின் ஜன்னலோரம் இன்னும் நல்லது. என் வீட்டில் அந்த ஜன்னலில்தான் அது ஏழு மாதம் தாங்கியது, தாழ்வாரத்தில் மூன்றே மாதம்.

நோய் என்று பெரிதாக வராது. குச்சாயின் இலையடியில் கறுப்பாகக் கடுகு ஒட்டினமாதிரி தெரிந்தால் அது அசுவினி. கொத்தை அடியோடு அறுத்து எறிந்துவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீரில் ஒரு தேக்கரண்டி சோப்புக் கரைசல் கலந்து அடித்தண்டில் தெளியுங்கள். இலையில் வெள்ளிக் கோடு இழுத்தமாதிரி இருந்தால் இலைப்பேன். அதற்கும் இதே வைத்தியம். ஆரஞ்சுத் துருப்பொடி விழுந்தால் காற்றோட்டம் போதவில்லை என்று அர்த்தம்.

வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில் இருப்பதால் இரண்டு விஷயத்தில் கவனம். தாழ்வாரத்தில் 1.2 மீட்டர் வழி எப்போதும் தடையில்லாமல் இருக்க வேண்டும். தீப்பிடித்தால் ஆளும் தூக்குப்படுக்கையும் போகிற வழி அது. தொட்டிகளைச் சுவரோடு ஒட்டி வையுங்கள், கைப்பிடிச்சுவர் மேல் எதையும் ஏற்றாதீர்கள். இரண்டாவது, தொட்டிக்கு அடியில் தட்டு. டெங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு 20 காசு நாணய அளவுத் தண்ணீர் போதும், ஒரு வாரத்தில் முட்டை கொசுவாகிவிடும். நான் தட்டே வைப்பதில்லை. காலையில் குளியலறைக்குத் தூக்கிப் போய் ஊற்றி, வடிந்ததும் திரும்ப வைக்கிறேன். குச்சாய்க்குத் தினமும் தண்ணீர் தேவையில்லாததால் இது பெரிய வேலை இல்லை.

ஒரு எச்சரிக்கையை மட்டும் தயவுசெய்து லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மழை விட்டதும் அடுக்குமாடி புளோக் அடியில் இளஞ்சிவப்பாகவும் வெள்ளையாகவும் பூக்கிறதே ரெயின் லில்லி, அதன் இலை குச்சாயைப் போலவே தட்டையாக, அதே பச்சையில் இருக்கும். அது நச்சு, தின்றால் வாந்தியும் வயிற்றுப்போக்கும் வரும். சமூகத் தோட்டத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நின்றதையும், ஒரு பெரியவர் அதில் கைவைக்கப் போனதையும் நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். நல்லவேளையாகப் பறிக்குமுன் கேட்டார். கசக்கி மோந்து பாருங்கள். பூண்டு வாசம் வந்தால் குச்சாய். வாசமே இல்லாமல் வெறும் புல் நாற்றம் என்றால் தொடாதீர்கள். ஒரு கொத்தைக் கசக்கிவிட்டு அதே கையால் அடுத்ததை மோந்தால் ஏமாந்துவிடுவீர்கள், கையைக் கழுவிவிட்டுப் பாருங்கள்.

வீட்டில் பூனை இருந்தால் குச்சாய், சைவ்ஸ், வெங்காயம் எதுவும் அதன் வாய்க்கு எட்டக் கூடாது. இந்தக் குடும்பம் முழுக்கவே பூனை, நாயின் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையில் கொண்டுபோய் விடும். 2024 செப்டம்பரிலிருந்து வீவக வீடுகளில் பூனை வளர்க்க அனுமதி வந்துவிட்டதே, நிறைய வீடுகளில் இப்போது இந்தக் கவனம் தேவைப்படுகிறது.

இனி சமையல். சைவ்ஸுக்கும் குச்சாய்க்கும் அடுப்பில் நேர் எதிரான குணம். சைவ்ஸின் மணம் சூட்டில் நொடியில் போய்விடும். அதனால் அடுப்பை அணைத்த பிறகு மேலே தூவுவது மட்டுமே. குச்சாயோ எண்ணெயும் சூடும் பட்டால்தான் பச்சை நெடி போய் இனிப்பு எழும், ஆனால் அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம்தான். அதற்கு மேல் போனால் தண்ணீர்விட்டு நாராகிவிடும். மீகோரெங் (வறுத்த மஞ்சள் மீ) போடுகிறவர் கையைக் கவனித்திருப்பீர்கள். கடைசியில் ஒரு பிடி குச்சாயையும் தவுகேயையும் (பயற்று முளை) போட்டு, இரண்டு புரட்டு, உடனே தட்டில். மீ சியாம் என்கிற சேமியாவில் புளிக்குழம்புக்கு மேலே பச்சையாகவே கிடக்கும், அந்தப் புளிப்பும் காரமும்தான் அங்கே அதன் நெடியை அடக்குகிறது.

நம் வீட்டுச் சமையலில் எளிதில் பொருந்துவது முட்டை. இரண்டு முட்டைக்கு ஒரு கைப்பிடி குச்சாய், அரை சென்டிமீட்டர் துண்டாக நறுக்கி, மிளகுத்தூள், உப்பு. நல்லெண்ணெயில் குச்சாயைப் பத்து நொடி புரட்டிவிட்டு அதன் மேல் முட்டையை ஊற்றுங்கள். வெங்காயம் உரித்துக் கண்ணைக் கசக்க வேண்டிய வேலையே இல்லை. அடை மாவில் வெங்காயத்துக்குப் பதில் போட்டால் மொறுமொறுப்பு இன்னும் நன்றாக வரும், ஏனென்றால் வெங்காயத்தைப் போல் அவ்வளவு நீர் விடுவதில்லை. குழிப்பணியாரத்திலும் சரி. உளுந்து வடையில் நான் இரண்டு தடவை போட்டுப் பார்த்தேன், எண்ணெயில் இலை கருகிக் கசந்தது. வேண்டாம். சாம்பார், ரசத்திலும் வேண்டாம். கொதியில் மணம் கரைந்து போய்விடும், அதற்குக் கொத்தமல்லிதான். பூத்தண்டு கிடைத்தால் விரல் நீளத்துக்கு ஒடித்து, இறால், இரண்டு பல் பூண்டோடு பெரிய தீயில் இரண்டு நிமிடம். தண்டு நறுக்கென்று கடிபட வேண்டும்.

ஆனால் குச்சாய்க்கென்றே ஒன்று செய்ய வேண்டுமென்றால் கொழுக்கட்டை செய்யுங்கள். நம் உணவங்காடியில் விற்கிற குச்சாய் குவேயைப் பாருங்கள். அரிசி மாவை வெந்நீரில் பிசைந்து, உள்ளே பூரணம் வைத்து, மூடி, ஆவியில் வேகவைப்பது. பிள்ளையார் சதுர்த்திக்கு நாம் செய்வதும் அதேதானே? கையில் இருக்கிற பழக்கமே போதும்.

ஒரு கப் அரிசி மாவு, இரண்டு மேசைக்கரண்டி மரவள்ளி மாவு, உப்பு, ஒரு தேக்கரண்டி எண்ணெய். தளதளவென்று கொதிக்கிற தண்ணீர் ஒன்றேகால் கப்பை ஊற்றிக் கரண்டியால் கிளறி, மூடி ஐந்து நிமிடம் விட்டுப் பிசையுங்கள். மரவள்ளி மாவு சேர்ப்பதால் தோல் விரியாது, வெந்த பிறகு உள்ளிருக்கும் பச்சை வெளியே நிழலாடும். பூரணத்துக்கு 200 கிராம் குச்சாயைக் கழுவி, துணியில் பரத்தி நன்றாக உலரவிட்டு, பொடியாக நறுக்குங்கள். அடித்தண்டின் மடிப்பில் மண் ஒளிந்திருக்கும், அங்கே விரலால் தேய்த்துக் கழுவ வேண்டும். ஒரு மேசைக்கரண்டி உலர் இறாலை ஊறவைத்து, இடித்து, எண்ணெயில் மணம் வரும்வரை வறுத்து ஆறவிடுங்கள். சைவம் என்றால் பொடியாக நறுக்கி வறுத்த தவுகுவா (கெட்டியான சோயாக் கட்டி).

இப்போதுதான் சூட்சுமம். நறுக்கிய குச்சாயில் முதலில் ஒரு மேசைக்கரண்டி எண்ணெயை ஊற்றிப் பிசிறுங்கள், ஒவ்வொரு துண்டும் மினுமினுக்க வேண்டும். பிறகு இறால், மிளகுத்தூள். உப்பு கடைசியில், அதுவும் கொழுக்கட்டை பிடிக்க உட்கார்ந்த பிறகு. உப்பை முதலில் போட்டால் ஐந்தே நிமிடத்தில் பாத்திரத்தின் அடியில் பச்சைத் தண்ணீர் நிற்கும், தோல் கிழியும். எண்ணெய் பூசிய இலை தண்ணீரை எளிதில் விடாது. எலுமிச்சை அளவு உருண்டை எடுத்துக் கிண்ணமாகச் சொப்பு செய்து, பூரணம் வைத்து மூடி, எண்ணெய் தடவிய தட்டில் பத்துப் பன்னிரண்டு நிமிடம் வேகவையுங்கள். அப்படியே சாப்பிடலாம். மறுநாள் மிச்சத்தைத் தோசைக்கல்லில் தட்டிப்போட்டு இரண்டு பக்கமும் சிவக்கவிட்டால், எனக்கு அதுதான் முதல்நாளை விடப் பிடிக்கும். தொட்டுக்கொள்ளச் சம்பால் மிளகாய்.

சைவ்ஸுக்கு நம் வீட்டில் சரியான இடம் தயிர். கெட்டித் தயிரில் உப்பு, மிளகு, கத்தரியால் நறுக்கிய சைவ்ஸ். வேகவைத்த உருளைக்கிழங்குக்கும் சப்பாத்திக்கும் போதும். தயிர்சாதத்தில் தாளிப்பு ஆறின பிறகு தூவினால் சின்ன வெங்காயம் கடித்த சுவை தெரியும், ஆனால் அந்தக் காட்டம் இருக்காது. கத்தியால் கொத்தினால் குழல் நசுங்கிச் சாறு பலகையோடு போய்விடும், அதனால் கத்தரிதான்.

இரண்டிலுமே வைட்டமின் கே நிறைய உண்டு. வீட்டில் யாராவது இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுகிறார்கள் என்றால் ஒரு வாரம் நிறையவும் ஒரு வாரம் இல்லாமலும் கொடுக்காமல் ஒரே அளவாக வைத்துக்கொண்டு, மருத்துவரிடமும் சொல்லிவிடுங்கள்.

அத்தைக்கு ஒரு தகவல். அமாவாசை, புரட்டாசிச் சனி, தைப்பூச விரத நாள்களில் வெங்காயம் பூண்டு ஒதுக்குகிற வீடு என்றால் குச்சாயும் அதே கணக்குத்தான். சீனப் பௌத்தர்கள் சைவத்தில் ஒதுக்குகிற ஐந்து காட்டப் பொருள்களில் குச்சாயும் ஒன்று. அதனால் பக்கத்து வீட்டுச் சைவச் சீன அக்காவுக்குத் தவுகுவா வைத்த கொழுக்கட்டை என்றாலும், குச்சாய் இருக்கிறது என்று சொல்லிக் கொடுங்கள். ஆனால் மணிப்பூரில் மெய்தெய் மக்கள் இதே குச்சாயை மரோய் நகுப்பி என்று அழைத்து, வெங்காயம் பூண்டுக்குப் பதிலாகவே மணத்துக்குச் சேர்க்கிறார்கள். ஒரு ஊரில் விலக்கு, ஒரு ஊரில் அதுவே மாற்று. உங்கள் வீட்டு வழக்கத்தை அத்தையே முடிவு செய்யட்டும்.

அறுத்ததை வைத்திருக்க, கழுவாமல் சமையலறைத் தாளில் சுற்றி மூடிபோட்ட டப்பாவில் வைத்தால் நாலைந்து நாள் தாங்கும். மூடாமல் வைத்தால் குளிர்பெட்டியில் பால் முதல் பழம் வரை பூண்டு வாசம் ஏறும். நறுக்கி உறையவைத்தால் சமையலுக்கு ஆகும், பச்சையாகத் தூவ ஆகாது. உலர்த்தினால் இரண்டிலும் மணம் நிற்காது.

உங்கள் வடக்கு வாசலுக்கு வெயில் மார்ச் கடைசியில் திரும்பும். அதுவரை விதையைத் தொடாதீர்கள். நான் யீஷூன் தோட்டத்தில் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை கொத்தைத் தோண்டிப் பிரிப்பேன். வருகிற மார்ச்சில் அந்த முறை. பத்து வேர் உங்களுக்கு எடுத்து வைக்கிறேன். இலையை ஒரு விரல் நீளத்துக்கு வெட்டி, ஈரத்தாளில் சுற்றித் தருவேன், இரண்டு நாள் வாடாது. ஐந்து ஐந்தாக இரண்டு தொட்டியில், வெள்ளை அடித்தண்டு மண்ணுக்குள் மறைகிற அளவுக்கு நடுங்கள். முதல் ஐந்து நாள் நிழல், பிறகு தாழ்வாரம். மே மாதம் முதல் அறுப்பு எடுக்கலாம்.